திருக்கை வலை முடிச்சு

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் அக்காள் விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் ஒரே சட்டிச் சோறு தின்றுதான் வளர்ந்தன. எது யார் வயிற்றில் பிறந்தது என்று எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி ஒரு தாளில் எழுதி வைத்தவர்கள் யாரும் இதை எழுதவில்லை. எனக்கு எழுத்து அதிகம் வராது. பெயரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், ஜெபப் புத்தகத்தில் மனப்பாடமாக இருக்கிற பக்கத்தில் மட்டும் விரல் வைத்து வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இவள் காலேஜில் படிக்கிறாள். போன வாரம் அச்சடித்த கேள்வித்தாள் ஒரு கட்டு கொண்டு வந்தாள். கடற்கரை ஊர்களில் தையல், ஊறுகாய், கம்ப்யூட்டர் என்று தொழில் பயிற்சி எடுத்த பெண்களைப் பார்த்து, அந்தப் பயிற்சியால் அவர்களுக்கு என்ன பயன் என்று கேட்டு எழுத வேண்டுமாம். என்னிடம் கேட்டுப் பழகிப் பார்க்கலாம் என்று முதல் கேள்வியை வாசித்தாள். "பயிற்சிக்கு வருவதற்கு முன் உங்களுக்கு இந்தத் தொழிலில் என்ன தெரியும்?" நான் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன். இதே கேள்வியை இதே வார்த்தைகளில் ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கதை, அதைச் சொல்ல வைத்த டீச்சரைப் பற்றியும்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஆண்கள் அப்போதும் வள்ளத்தில்தான் கடலுக்குப் போனார்கள். வலை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை பருத்தி நூல். பெண்கள் வீட்டில் முடிந்து, மக்கிப்போகாமலிருக்கத் துவர்ச் சாயம் ஏற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுப்போம். நைலான் நூல் வந்ததும் எங்கள் கையெல்லாம் திகைத்துப் போயிற்று. அப்போதுதான் ஒரு சங்கத்தார் வந்து, மீனவப் பெண்களுக்கு நைலான் வலை முடியும் பயிற்சி கொடுக்கப் போகிறோம், இரண்டு வருஷம், தினம் ஒரு தொகையும் உண்டு என்றார்கள். கடலோரம் உப்பு மூட்டை அடுக்கி வைத்து இப்போது சும்மா கிடந்த பழைய கிட்டங்கியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளையாக உப்பு ஒட்டும். ஆணி அடித்தால் மறுமாசம் துருப்பிடித்து உதிரும். அங்கே இருபது பெண்கள் உட்கார்ந்தோம்.

டீச்சர் நாசரேத் பக்கத்தவர். படிப்பு வீட்டுக்குள்ளேயே பிறந்த குடும்பம். ஓரத்தில் மெல்லிய கோடு போட்ட வெள்ளைச் சேலை, ஒரு குடை, பிரவுன் தாள் அட்டை போட்ட நோட்டு. என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். முதல் நாள் புத்தகத்தைத் திறந்து, வலையின் கண்ணி என்றால் என்ன, கண்ணியின் அளவை எப்படி எடுக்க வேண்டும் என்று வாசித்தார். என் அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு வாய் நிற்காது. "ஏளா, மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்க பஸ் ஏறி வந்திருக்காவ பாரு" என்றாள். இருபது பேரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டோம். டீச்சருக்குக் கேட்டிருக்கும். அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்கு வலை தெரியாது அக்கா. மூணு மாசம் படிச்சிட்டு வந்திருக்கேன். நீங்க முடிஞ்சு காட்டுங்க, நான் பாக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு எளிதில் யாரையும் பிடித்துப்போகாது.

மத்தியானம் ஒரு மணி நேரம் எழுத்துப் பாடம். இது சங்கத்தார் சொன்னதல்ல, டீச்சராகச் சேர்த்துக்கொண்டது. என் பெயரில் ஒரு கொம்பு வரும். அதை நான் எப்போதும் எழுத்துக்குப் பின்னால்தான் போடுவேன். வாயில் வருகிறபடிதானே கை போகும்? டீச்சர் என் கையைப் பிடித்து, "அக்கா, மாடு தெருவுல வாரப்ப எது முதல்ல வருது? கொம்புதானே? அதே மாதிரிதான்" என்றார். அன்றிலிருந்து தப்பியதில்லை. நான் முதல் முதலாக என் பெயரை முழுதாக எழுதின சிலேட்டை டீச்சர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். நன்றி மறந்தவள் என்று யாரும் என்னைச் சொல்லக்கூடாது. அதனால் இதையும் எழுதச் சொல்கிறேன்.

எட்டு மாதம் கழித்து முதல் நைலான் வலை முடிந்தது. என் வீட்டுக்காரர் வள்ளத்தில்தான் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை கரையில் வந்து வலையை என் காலடியில் போட்டார். "ஏளா, கண்ணி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வாயைப் பொளந்துட்டு நிக்கி. பாறை மீனு உள்ள வந்து குசலம் விசாரிச்சிட்டுப் போயிட்டு" என்றார். கரையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். டீச்சர் முகம் செத்துப்போயிற்று. வலையை எடுத்துப் பார்த்தேன். முடிச்சு நழுவியிருந்தது. பருத்தி நூல் தண்ணீரில் ஊறினால் பெருக்கும், முடிச்சு தானாக இறுகிக்கொள்ளும். நைலான் ஊறுவதில்லை, பெருப்பதில்லை. ஒற்றை முடிச்சை அது மதிக்காது. புத்தகத்திலும் ஒற்றை முடிச்சுத்தான் இருந்தது.

திருக்கை மீனுக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு வலை முடிவோம். திருக்கை வாலைச் சுழற்றினால் சாதாரணக் கண்ணி தாங்காது. அதற்கு என் தாய் வலை ஊசியை இன்னொரு சுற்றுச் சுற்றி, முதல் முடிச்சின் கழுத்திலேயே இரண்டாவதைப் போட்டு இழுப்பாள். ஏழு வயதிலிருந்து நான் அதைச் செய்திருக்கிறேன். அன்று கிட்டங்கியில் உட்கார்ந்து நைலானில் அதையே போட்டேன். இழுத்தேன். மைனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. டீச்சர் குனிந்து பார்த்தார். "இது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே அக்கா" என்றார். திரும்பத் திரும்ப மெதுவாகப் போட்டுக் காட்டச் சொல்லி, நோட்டில் படம் வரைந்துகொண்டார். நூல் எங்கே மேலே போகிறது, எங்கே கீழே போகிறது என்று அம்புக்குறி போட்டார். அதற்குப் பிறகு நாங்கள் முடிந்த வலை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தருவைக்குளத்துக்காரர்கள் வரைக்கும் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

இந்த இடத்தில் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது வலையை வள்ளத்தில் ஏற்றும்போது முடிந்தவள் தன் வேலையைத் தானே மெச்சக்கூடாது. மெச்சினால் வலைக்குக் கண்ணேறு என்பார்கள். "எனக்கு என்ன தெரியும், கைக்கு வந்தத முடிஞ்சிருக்கேன், மாதாதான் பாத்துக்கிடணும்" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் கரையிலேயே பேர்போன கைக்காரி என் தாய். அவள்தான் "எனக்கு என்ன தெரியும்" என்று அதிகம் சொன்னவள். யாரும் அதைக் கேட்டு அவளுக்குத் தெரியாது என்று நினைத்ததில்லை. அந்த வார்த்தை எங்கள் நாக்கில் ஊறிப்போனது. எங்கள் கரைக்கு வெளியே அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

இரண்டாம் வருஷம் முடியும்போது, பயிற்சியால் பலன் உண்டா இல்லையா என்று பார்த்து எழுத மெட்ராஸிலிருந்து ஆபீசர் வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் பயிற்சி நிலையம் நடக்கும், இல்லையென்றால் மூடிவிடுவார்கள். டீச்சர் என்னைக் கிட்டங்கிக்குப் பின்னால் கூப்பிட்டார். குடையை விரிக்காமல் வெயிலில் நின்றார்.

"அக்கா, வாரவங்க ஒரு கேள்விதான் முக்கியமாக் கேப்பாங்க. முன்னால என்ன தெரியும், இப்ப என்ன தெரியும்னு. உங்களுக்கு முன்னாலேயே எல்லாம் தெரியும்னு சொன்னா, அப்புறம் எதுக்குப் பயிற்சின்னு மூடிட்டுப் போயிருவாங்க."

"அதுக்கு?"

"ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா மத்தவங்களும் சொல்லுவாங்க. நிலையம் நிக்கும். அடுத்த இருபது பேருக்கு நீங்கதான் டீச்சர். பயிற்றுநர் வேலை, மாசச் சம்பளம். உங்களை விட்டா யாரு இருக்கா?"

நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை. எங்கள் கரையில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்ததில்லை. என் வீட்டில் அப்போது ஐந்து பிள்ளைகளும் சோற்றுக்கு வாய் திறந்து நிற்கிற வயது. ஆனாலும் பணத்துக்காக மட்டும் நான் தலையாட்டவில்லை. அந்த நாற்காலியின் மேல் எனக்கு ஆசை இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்குப் போகும் வழியில் மைனியிடம் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். "ஏளா, உனக்குத் தெரியாதுன்னு நீயே சொல்லிட்டா, உனக்குத் தெரியும்னு சொல்ல எவ வருவா?" என்றாள். டீச்சர் வருவார் என்றேன். "வருவாவ, வருவாவ. குடையப் பிடிச்சிட்டு வருவாவ" என்றாள். அவளுக்கு நக்கல்தான் எப்போதும் என்று நான் வேகமாக நடந்துவிட்டேன்.

ஆபீசர் அம்மா நல்லவராகத்தான் இருந்தார். பாய் போட்டதில் எங்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார். "பயிற்சிக்கு வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு இந்தத் தொழிலில் என்னம்மா தெரியும்?" நான், "எனக்கு என்ன தெரியும்மா, ஒண்ணும் தெரியாது" என்றேன். நாக்குக்குப் பழகின வார்த்தை, தடுக்காமல் வந்தது. பின்னால் வரிசையாக எல்லாரும் அதையே சொன்னார்கள். மைனிகூட, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரியாது என்றாள். ஆபீசர் எழுதிக்கொண்டே போனார். பிறகு முடித்து வைத்திருந்த வலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். "இந்த இரட்டை முடிச்சு ரொம்ப நல்லா இருக்கே. இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று டீச்சரும் நானும் பேசி வைத்திருக்கவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, சைகை செய்யவில்லை, சும்மா பார்த்தார். என் தாய் செத்து அப்போது ஆறு வருஷம். "டீச்சர்தான்" என்றேன்.

தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மைப்பெட்டி இருந்தது. நான் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டேன். கொம்பை முன்னால் போட்டு, பெயரை முழுதாக எழுதினேன். ஆபீசர் அம்மா, "அடடா, கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு" என்றார். அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்கு யாரும் வாசிக்கவில்லை. வாசியுங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடாதா?

நிலையம் நின்றது. டீச்சரைக் கரையோரத்து நிலையங்கள் நாலைந்துக்கு மேற்பார்வையாக உயர்த்தினார்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து மாலை போட்டோம். பயிற்றுநர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். சங்கத்து ஆபீஸில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒருவர் டீச்சர். அவரைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

நடுவில் இருந்த ஐயா, "வலைத் தொழிலில் உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டார்.

"ஏழு வயசுல இருந்து முடியுதேன். இருபத்துமூணு வருஷம்."

அவர் ஃபைலைத் திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். அன்று ஆபீசர் அம்மாவிடம் நான் சொன்னதை எனக்கே வாசித்தார். பயிற்சிக்கு முன் இத்தொழிலில் எதுவும் அறியாதவர். இரட்டை முடிச்சு முறையைப் பயிற்சி ஆசிரியையிடம் கற்றுக்கொண்டவர். சாதாரண அளவுக்குத் தேறியுள்ளார். "இது உங்க கையெழுத்துதானே?" என்று தாளை என் பக்கம் திருப்பினார். கொம்பு முன்னால் இருந்தது. "அஞ்சு வருஷ அனுபவமாவது வேணும்மா. உங்களுக்கு ரெண்டு வருஷந்தான் ஆகுது."

நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். இவருக்குத் தெரியும், இவர்தான் எனக்குக் காட்டினார் என்று ஒரு வார்த்தை. அவர் முன்னால் பிரவுன் அட்டை போட்ட அதே நோட்டு இருந்தது. அதற்குள் என் கை போட்ட முடிச்சின் படம் அம்புக்குறியோடு இருந்தது. அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். தலையைத் தூக்காமல், "பேப்பர்ல அப்படித்தான் இருக்கு அக்கா" என்றார்.

நான் அழவில்லை. பத்தாவது படித்த ஒரு பெண்ணை அந்த வேலைக்குப் போட்டார்கள். தொடக்கத்தில் வந்து அந்தப் பெண்ணுக்கு முடிச்சைக் காட்டிக் கொடுக்க முடியுமா என்று டீச்சர் ஆள் அனுப்பினார். "எனக்கு என்ன தெரியும்? டீச்சரையே காட்டச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் சொன்ன கடைசித் தடவை அது. அதன்பிறகு முதலாளிமாரிடம் நூல் வாங்கி வீட்டில் வைத்தே முடிந்தேன். வலையை வள்ளத்தில் ஏற்றும்போது, "இது என் கை வலை, கிழியாது" என்று சத்தமாகவே சொன்னேன். கண்ணேறு படும் என்று கிழவிகள் திட்டினார்கள். பட்டால் படட்டும் என்றேன். அப்படி முடிந்துதான் ஐந்து பிள்ளைகளும் வளர்ந்தன. அந்தத் தாள் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வரவில்லை.

டீச்சர் மாற்றலாகிப் போகும் முன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே குடித்தார். "நான் அன்னைக்கு வாயத் திறந்திருந்தா ரெண்டு பேருக்குமே வேலை போயிருக்கும் அக்கா. ரிப்போர்ட்டே பொய்னு ஆயிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. "போயிருந்தா என்ன டீச்சர்? எனக்கு வலை இருந்துச்சு, உங்களுக்குப் படிப்பு இருந்துச்சு. ரெண்டு பேரும் பட்டினியாக் கிடந்திருப்போமா?" என்றேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அப்புறம் பார்க்கவில்லை. இருக்கிறாரோ இல்லையோ.

அவர் மேல் உள்ள கோபம் பல வருஷம் குறையவில்லை. இப்போதும் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் நான் மட்டும் சுத்தம் என்று உட்கார்ந்துகொண்டு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் என்னைக் கைவிட்டது மேஜைக்கு முன்னால். அதற்கு முன்பே, பாயில் உட்கார்ந்து, இருபது பேர் பார்க்க, என் தாயின் கையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அதுவும் யாரும் அடித்துக் கேட்கவில்லை. ஒரு நாற்காலிக்காக.

பேத்தி கேட்கிறாள், அப்படியானால் அந்தப் பயிற்சியால் பலனே இல்லையா ஆச்சி என்று. இருந்தது. இருபது பெண்கள் அடுப்படியை விட்டு ஓரிடத்தில் உட்கார்ந்து பேசினோம். யாருக்கு எந்த வியாபாரி நூலை எடை குறைத்துக் கொடுக்கிறான் என்பது அங்கேதான் தெரிந்தது. எனக்குக் கையெழுத்து வந்தது. முன்பின் தெரியாத நூலை எப்படி வசப்படுத்துவது என்பதை நாங்களே கண்டுபிடித்தோம், டீச்சர் பக்கத்தில் இருந்ததால்தான் அதை எழுதியும் வைத்தோம். இதுதான் உண்மையான பலன். அன்று ஆபீசர் அம்மா இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முன்னால் என்ன தெரியும் என்று மட்டும் கேட்டார். எங்களிடமிருந்து டீச்சர் என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை. இவள் கொண்டுவந்திருக்கும் தாளிலும் இல்லை. நாளைக்கு ஊர் ஊராகப் போகும்போது அதை நீயாகச் சேர்த்துக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி "எனக்கு என்ன தெரியும்" என்று சொன்னால் உடனே எழுதிவிடாதே, அவள் கையைக் கொஞ்ச நேரம் பார் என்றும் சொல்லியிருக்கிறேன்.

போதும். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பேத்தி கையிலிருந்து பேனாவை நான் இன்னும் வாங்கவில்லை. ஏளா மக்கா, நீ எழுதினத முதல்ல இருந்து ஒரு தடவ வாசி. அவசரப்படாத, எனக்குப் பொழுது கிடக்கு. ஆச்சிக்கு வெக்கமா இருக்கும்னு அந்த "டீச்சர்தான்"ங்கிற இடத்த விட்டுட்டுப் போயிராத, அதையும் வாசி. எல்லாம் சரியா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். வாசி, நான் கேக்கேன்.